டிராகனுக்குத் தீனி போடுகிறவள்

டிராகன் கதை வேண்டாம் என்று எங்கள் கூடத்தில் கை தூக்கியவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் முதல் கை என்னுடையது. அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் சுருட்டு ஆலையில் நூறு பேருக்கு மேல் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்கப் புகையிலை சுற்றுகிறோம். முன்னால் மேடையில் எவாரிஸ்தோ உட்கார்ந்து எங்களுக்கு வாசிப்பார். அதுதான் அவர் வேலை. காலையில் செய்தித்தாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நாவல். எந்த நாவல் என்பதை நாங்கள்தான் கை தூக்கி முடிவு செய்வோம். வாசிப்பு பிடித்துப் போனால் இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டுவோம். பிடிக்கவில்லையென்றால் கத்தியைத் தரையில் போட்டுவிடுவோம். எங்கள் ஊர் பினார் தெல் ரியோவில் பாதிப் பேர் இப்படித்தான் புத்தகம் படித்திருக்கிறோம், காதால்.

"எவாரிஸ்தோ, எனக்கு ஐம்பத்தாறு வயசு. வீட்ல கரண்ட் இல்ல, முட்டை இல்ல, முட்டியில வலி மட்டும் தாராளமா இருக்கு. எனக்குப் போய் டிராகன் கதையா?" என்று எழுந்து கேட்டேன். கூடமே சிரித்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "டிராகனை விடுங்க எமெலினா. அதுக்குத் தீனி போடுற பொம்பளையைக் கவனிங்க. அவளுக்கும் முட்டி வலிதான்" என்றார்.

நான் தோற்றேன். வேண்டும் என்று எழும்பிய கைகளில், எனக்கு மூன்று வரிசை முன்னால், நிவியாவின் கையும் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிவியா என் தங்கை. அவளிடம் நான் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் ஒரே மகள் யுனெய்சி நாட்டை விட்டுப் போக எல்லா ஏற்பாடும் செய்தாள். பெற்றவளுக்குத் தெரியாது, சித்திக்குத் தெரியும். 'அம்மாகிட்ட சொன்னா என்னைப் போக விடமாட்டா' என்று மகள் கெஞ்சினாளாம். நிவியா அவளை ஹவானா வரை கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து என் சமையலறையில் நின்று எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, நான் அதைக் குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. மகளை எப்போதோ மன்னித்துவிட்டேன். வாரா வாரம் போனில் பேசுகிறோம். அந்தக் காப்பியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுற்றிய சுருட்டைச் சோதித்துப் பார்க்கும் ஒஸ்மானி மூலம்தான் சொல்வேன்.

"ஒஸ்மானி, உப்பு வேணுமான்னு அந்த அம்மாவைக் கேளு."

"அந்த அம்மா உங்க கூடப் பொறந்தவங்கதானே? நீங்களே கேளுங்களேன். நான் என்ன தபால்காரனா?"

கதை தொடங்கியது. ஓர்வா என்று ஒருத்தி. மலைக்கோட்டையில் அரசனின் டிராகன்களுக்குத் தீனி போடுகிறவள். அதில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று, தாயில்லாதது. அதைத் தன் போர்வைக்குள் வைத்து வளர்க்கிறாள். முதல் வாரம் நான் காதில் வாங்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வாரம் ஓர்வாவின் குட்டிக்குச் சளி பிடித்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போயும் எனக்கு அதே நினைப்பாக இருந்தது. அடச்சீ, இல்லாத ஊரில் இல்லாத மிருகத்துக்குச் சளி, உனக்கென்ன வந்தது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், பினார் தெல் ரியோவில் சுருட்டு சுற்றும் ஒருத்தியின் கதையை எவாரிஸ்தோ எடுத்திருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே கத்தியைத் தரையில் போட்டிருப்பேன். எனக்குத் தெரியாததா அது? டிராகன் என்றதும் இது நம்மைப் பற்றியது இல்லை என்று அசந்துவிட்டேன். கதை அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டது.

ஐந்தாம் வாரம் வந்தது அந்த அத்தியாயம். சாம்பல் டிராகன் வளர்ந்துவிட்டது. சங்கிலியில் கிடந்தால் செத்துப்போகும். ஓர்வாவுக்கும் அது தெரியும், அவளால் அவிழ்க்க முடியவில்லை. விடியற்காலையில் அவளுடைய தோழி தேமி போய்ச் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறாள். ஓர்வா தீனிக் கூடையோடு வருகிறாள். தரையில் வெறும் சங்கிலி. "இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்கிறாள்.

எவாரிஸ்தோ நிறுத்தினார். கூடத்தில் ஒரு கத்தி தட்டவில்லை, ஒன்று விழவில்லை.

மறுநாள் காலை ஒஸ்மானி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தான். மேலுறை சுற்றுவதற்கு முன் ஒவ்வொரு சுருட்டும் அவனுடைய மெஷினில் புகை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்கிச் சுற்றினால் இழுக்காது. அப்படி ஆனால் பிரித்துப் போட வேண்டியதுதான்.

"நேத்து அந்த ஒரு மணி நேரத்துல மட்டும் இருநூத்துக்கு மேல அடைச்சுக்கிச்சு. அதுக்கு முன்னாடி சுத்தினது சரி, பின்னாடி சுத்தினதும் சரி. ஐயா எவாரிஸ்தோ, நீங்க வாசிச்சீங்களா, இல்ல இவங்க கழுத்தை நெரிச்சீங்களா?"

நிர்வாகி வந்தார். இந்தப் புத்தகம் போதும், நாளையிலிருந்து பேஸ்பால் பற்றி ஏதாவது வாசிக்கலாம் என்றார். அவருக்குக் காட்டுவதற்காக ஒஸ்மானி அடைத்த சுருட்டுப் பலகைகளை என் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தான். ஒவ்வொரு பலகையிலும் பத்து சுருட்டு, ஓரத்தில் சுற்றியவரின் எண். பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு மூன்றுதான் கெட்டிருந்தது. எண்பத்தேழாம் எண் பலகையில் பத்தும் கெட்டிருந்தது. அது நான். அடியில் இன்னொரு பலகை, அதிலும் பத்துக்குப் பத்து. ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன், மரக்கட்டை. எண் ஐம்பத்திரண்டு.

ஐம்பத்திரண்டு நிவியா.

முப்பது வருஷமாக அவள் சுற்றுவதைப் பார்க்கிறேன். கைராசிக்காரி. அவள் சுருட்டு ஒன்று திரும்பி வந்தாலே ஊரே பேசும். ஏற்றிவிட்டு வந்தவளுக்கு என்ன வலி இருக்கப்போகிறது என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் எதுவும் சொல்லவில்லை, கை சொல்லிவிட்டது. யுனெய்சி அவள் மடியிலும்தானே வளர்ந்தாள்! தனியாக ஹவானாவிலிருந்து திரும்பிய அந்த பஸ்ஸில் அவள் எப்படி உட்கார்ந்து வந்திருப்பாள் என்று அன்றுதான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன்.

எழுந்தேன். "புத்தகத்தை நிறுத்தக் கூடாது" என்றேன்.

"நீங்கதானே வேண்டாம்னு முதல்ல கை தூக்கினீங்க?" என்றான் ஒஸ்மானி.

"தூக்கினேன். இப்ப இறக்கிட்டேன். உனக்கென்ன?" நிர்வாகியிடம் திரும்பினேன். "ஒரு வாரம் குடுங்க ஐயா. இனிமே என் கை இறுகிச்சுன்னா, என்னை இலை பிரிக்கிற வேலைக்கு அனுப்பிடுங்க."

அது சின்ன வார்த்தையில்லை. சுற்றுகிறவளை இலை பிரிக்க அனுப்புவது மானக்கேடு. கூடத்தில் ஒரு கத்தி தட்டியது, பிறகு பத்து, பிறகு எல்லாம். நிர்வாகி "சரி, ஒரு வாரம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி அத்தியாயம் வியாழக்கிழமை வந்தது. பதினொரு வருஷம் கழித்து ஓர்வா மலை இறங்கித் தேமியின் ஊருக்குப் போகிறாள். முட்டி வலியோடு, கோலூன்றிக்கொண்டு. வீட்டைக் கண்டுபிடிக்கிறாள். கதவைத் தட்டுகிறாள்.

எவாரிஸ்தோ புத்தகத்தை மூடினார். மணியடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சு. மிச்சம் நாளைக்கு" என்றார்.

"அநியாயம்!" என்று கூடமே கத்தியது. அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

நாளைவரை பொறுக்க எனக்குத் தெம்பில்லை. மூன்று வரிசை நடந்தேன். நிவியா தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு நீ போட்ட காப்பியில சர்க்கரையே இல்லைடி" என்றேன்.

அவள் கையிலிருந்த இலை கிழிந்தது. "எனக்குத் தெரியும்க்கா. கை நடுங்கிச்சு. மறந்துட்டேன்" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அழுத அழுகையில் ஒஸ்மானி தண்ணீர் கொண்டுவந்தான்.

வெள்ளிக்கிழமை என் நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். எவாரிஸ்தோ மிச்சமிருந்த நான்கு பக்கத்தை வாசித்தார். கதவைத் திறந்தது வேறு யாரோ. தேமி போன மாரிக்காலத்திலேயே செத்துப்போயிருந்தாள்.

என் கை அப்படியே நின்றது. நேற்றே பேசிவிட்டேன், நேற்றே பேசிவிட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். எவாரிஸ்தோவிடம் பிறகு கேட்டால் இன்றுவரை தொண்டை கட்டியது என்றுதான் சாதிக்கிறார். சாதிக்கட்டும். அவர் தொண்டைக்கும், முகம் தெரியாத அந்த எழுத்தாளருக்கும், இல்லாத ஊரின் அந்தத் தீனிக்காரிக்கும் நான் சாகும்வரை நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன்.

கத்திகள் தட்டத் தொடங்கின. நிவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பலகையிலிருந்த சுருட்டை எட்டி அழுத்திப் பார்த்தாள்.

"அக்கா, கல்லு மாதிரி இருக்கு. உன்னை இலை பிரிக்க அனுப்பிடுவாங்க."

அவள் பலகையில் இருந்ததை நான் அழுத்திப் பார்த்தேன். "உன்னுதும்தான்டி."

"அனுப்பட்டும்" என்றாள். "அங்க பெஞ்சு ஒண்ணுதான். பக்கத்துல பக்கத்துலதான் உட்காரணும்."