பழைய பெட்டியில் மட்டும் தெரிந்த வரி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். கதவுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நான் போனை வாய்க்கருகில் பிடித்துச் சொல்கிறேன். போன் எழுதுகிறது. அதைத் தட்டிச் சரிசெய்து, பகுதி பகுதியாக அக்காவுக்கு அனுப்புகிறேன். அக்கா யாருக்கெல்லாம் அனுப்புவாளோ, அவர்கள் எல்லோரும்தான் இந்தக் கதையின் 'நீங்கள்'. எதிரே இருக்கும் அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். வலியில் முனகுகிறேன் என்று நினைத்திருப்பார்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

'பிழைப்புத் தேடிக் கடல் கடந்த இளைஞன் ஒருவன்' – (எடுத்த எடுப்பிலேயே அழவைக்கப் பார்க்கிறது. அடித்துவிட்டேன்.)

'எனக்கு இன்றைக்கு வேலை போகலாம், அல்லது' – ('நான்' என்று ஆரம்பித்தால் குரல் நடுங்குகிறது. போனுக்கு அது தெரியாது. அக்காவுக்குத் தெரிந்துவிடும்.)

'அவன் ஒரு வலைத்தள வடிவமைப்பாளன்.' இது நிற்கிறது.

ஆறு பேர் வேலை பார்க்கும் கம்பெனி. அவனுடைய ஆறு மாத சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. முதலாளியம்மாவின் கைப்பையில் ஒரு படிவம் இருக்கிறது. அதில் அவர் கையெழுத்துப் போட்டால் அவன் இருப்பான். போடாவிட்டால் முப்பது நாளில் பெட்டியைக் கட்ட வேண்டும். உள்ளே பல்லைப் பிடுங்கி முடித்ததும் டாக்டர் அவனைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுப்பார். அதில் இருக்கும் ஒற்றை வரியை அவன் படித்துச் சொல்ல வேண்டும். படிப்பானா, என்னவென்று படிப்பான் என்பதுதான் கதை.

2

(அக்காவின் பதில்: "அவன்னா நீதானே? சரி, மேல சொல்லு. அம்மா பக்கத்துல இருக்காங்க, அவங்களுக்கும் புரியணும்.")

அம்மாவுக்காக. ஒரே சட்டை அளவை நாலு தையல்காரர்களிடம் கொடுக்கிறோம். ஒருவர் சரியாகத் தைக்கிறார். ஒருவர் கையை முழங்காலில் வைக்கிறார். ஒருவர் பொத்தானை முதுகில் வைத்துவிட்டு, அளவு அப்படித்தான் சொல்கிறது என்கிறார். நாலாவது ஆள் வெறும் துணியைத் திருப்பித் தருகிறார். இணையத்தைத் திறந்து பார்க்கும் உலாவிகள் அந்த மாதிரி. எல்லா உலாவிக்காரர்களும் கூடிப் பேசிப் போட்டுக்கொண்ட விதிப் புத்தகம் ஒன்று உண்டு. அதன்மேல் சத்தியம் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவரவர் இஷ்டத்துக்கு நடப்பார்கள்.

இந்தப் பல் டாக்டருக்காக அவன் செய்த தளத்தில் 'நேரம் பதிவு செய்க' என்று ஒரு பட்டன். அது ஒரு உலாவியில் போட்ட இடத்தில் நின்றது. இன்னொன்றில் டாக்டரின் படத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்றாவதில் பட்டன் இருந்தது, தொட்டால் நாட்காட்டி திறக்கவில்லை. இதைச் சரிசெய்தால் அது கெட்டது, அதைச் சரிசெய்தால் முதலில் நன்றாக இருந்ததும் கெட்டது. பதினோரு நாள் ஓடியது.

பக்கத்து மேஜைக்காரனுக்கு 'என்கிட்ட வருதே' என்று அவன் மனசுக்குள் பெயர் வைத்திருந்தான்.*

"பட்டனைக் காணோம், வந்து பாரேன்."

"என்கிட்ட வருதே."

"உன்கிட்ட வந்து என்ன புண்ணியம்? நோயாளி உன் மடியில உட்கார்ந்தா பார்ப்பாரு?"

"அதுக்கு என்கிட்ட ஏன்ப்பா பாயுறே. வருதுன்னா வருதுன்னுதானே சொல்ல முடியும்."

* பக்கத்து மேஜைக்காரன் பேசியது அந்த ஊர் மொழி. கதையில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். எனக்கு வேறு வழியில்லை.

3

நாலு உலாவிகளிலும் மோசமானது டாக்டருடையது. பத்து வருஷத்துப் பழசு. அலுவலகத்தின் மூலையில் சோதனைக்கென்றே அதே வயதில் ஒரு கணினி வைத்திருந்தார்கள். அந்த உலாவிக்காக மட்டும் தனி விதிகள் எழுத வேண்டியிருந்தது.

எழுதிய விதி அங்கே போய்ச் சேர்கிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கண்ணைக் குத்துகிற மாதிரி ஒரு வரியை அங்கே மட்டும் தெரியும்படி போடுவார்கள். அது தெரிந்தால் விதி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். பிறகு எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் 'சோதனை, சோதனை' என்று போடுவார்கள். அவன் ஒன்பதாம் நாள் கடுப்பில் இருந்தான். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆகவே, கொட்டை எழுத்தில், சிவப்பில்:

'யோவ் கிழவா, இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டாத்தான் என்ன?'

விதி போய்ச் சேர்ந்தது. பட்டன் இடத்துக்கு வந்தது. அவனுக்கு வந்த சந்தோஷத்தில் – (இந்த வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை. வரியை எடுக்க மறந்துவிட்டான்.) அவனுடைய கணினியில் அது தெரியாது. முதலாளியம்மாவின் கணினியிலும் தெரியாது. செவ்வாய்க்கிழமை தளத்தை வெளியிட்டார்கள்.

4

புதன்கிழமை வீட்டுக்குச் சுட்டியை அனுப்பினான். அம்மா, போனில் பார்த்துவிட்டு, டாக்டர் பார்க்க லட்சணமாக இருக்கிறார் என்றாள். மச்சான் 'சூப்பர் மாப்ளே' என்று அனுப்பினார். திறந்தே பார்த்திருக்க மாட்டார். அப்பா ஆபீஸ் கணினியில் பார்த்தார். இடைவேளையில் அவரே கூப்பிட்டார்.

"பார்த்தேன்."

"எப்படிப்பா இருக்கு?"

"எழுத்து பெரிசா இருக்கு. கண்ணாடி போடாமலே படிக்க முடிஞ்சுது."

"எந்த எழுத்து?"

"இது ஆபீஸ் பெட்டி. தூக்கிப் போட எனக்கு அதிகாரம் இல்ல. புதுசு குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

அவனுக்கு ஒரு வினாடி புரியவில்லை. அப்பாவின் ஆபீஸ் பெட்டிக்கும் அதே பத்து வயது என்று பிறகுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டு நாலே நிமிஷத்தில் வரியைத் தூக்கினான். திரும்பக் கூப்பிட்டான்.

"அது உங்களச் சொல்லலப்பா."

"பின்ன யாரை?"

"அந்தப் பல் டாக்டரை."

"அவருக்கு என்ன வயசு?"

"உங்க வயசு இருக்கும்."

"ம்."

(இந்த 'ம்'மைச் சரியாகக் கொண்டுவர ஐந்து முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் போன் அதை விட்டுவிட்டது. கடைசியில் கையால் தட்டினேன்.)

அதற்குப் பிறகு இரண்டு நாளாக அப்பா பேசவில்லை.

5

இன்று காலை. தளம் எப்படி இருக்கிறது என்று கேட்க முதலாளியம்மாவும் அவனும் டாக்டரின் அறைக்குள் போனார்கள். டாக்டர் எழுந்து, தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார். பக்கத்தில் அந்தக் கணினி. மஞ்சள் பாரித்திருந்தது.

"பழசுதான்," என்றார் டாக்டர். "எக்ஸ்ரே பார்க்கிற மென்பொருள் இதுல மட்டும்தான் ஓடுது. அதைச் செஞ்ச கம்பெனிய மூடிட்டுப் போயிட்டாங்க. பன்னிரண்டாயிரம் பேரோட பல்லு இதுக்குள்ள இருக்கு. இதை மாத்தினா அத்தனையும் போச்சு. உங்கள ரொம்பப் படுத்திட்டேன், இல்ல?"

அவன் "அதெல்லாம் இல்லீங்க" என்றான். (பதினோரு நாளில் அவன் சொன்ன மிகச் சின்னப் பொய். பெரியது இனிமேல்தான், சொன்னால்.)

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சிவப்பு எழுத்து.

"இது எந்த மொழி?"

"எங்க மொழிங்க."

"சுழிச்சுச் சுழிச்சு அழகா இருக்கு. மறுநாள் பார்க்கிறேன், காணோம். நல்லவேளை, அதுக்குள்ள பிரிண்ட் எடுத்து வெச்சுட்டேன். உங்க ஆளுங்களும் இங்க வர்றாங்கல்ல, வாசல் கண்ணாடியில இதையே எழுதிடலாம்னு பார்க்கிறேன். என்ன போட்டிருக்கு?"

முதலாளியம்மா திரும்பினார். "ஆமா, என்ன போட்டிருக்கு? எனக்கு வரவே இல்லையே."

அவன் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, உள்ளே இருப்பவருக்கு மரத்துவிட்டது என்றார்.

"ஒரு பல்லைப் பிடுங்கிட்டு வந்துடறேன்," என்று டாக்டர் எழுந்தார். "இருபது நிமிஷம்."

அதில் பதினாலு நிமிஷத்தை நான் இந்தக் கதைக்குச் செலவு செய்துவிட்டேன். முதலாளியம்மா வெளியே போனில் யாருடனோ பேசுகிறார்.

6

முடிவு அ. 'உங்கள் பல், எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறான். கையெழுத்து கிடைக்கிறது. அடுத்த வாரம் வாசல் கண்ணாடியில் 'யோவ் கிழவா'.

(மச்சான்: "போர்டு எழுதறவன்கிட்ட நைசா வேற வரியைக் குடுத்துடு மாப்ளே. எவனுக்குத் தெரியப்போவுது?" மச்சானுக்கு என் பதில்: டாக்டர் முப்பது வருஷமாகப் பல்லுக்குப் பல் வித்தியாசம் பார்க்கிறவர். தாளையும் கண்ணாடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கமாட்டாரா?)

முடிவு ஆ. உண்மையைச் சொல்கிறான். டாக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். (அக்கா: "சினிமா மாதிரி இருக்கு." அடித்துவிட்டேன்.)

முடிவு இ. உண்மையைச் சொல்கிறான். டாக்டர் சிரிக்கவில்லை. தாளை மெதுவாக மடிக்கிறார். முதலாளியம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து –

(அம்மா: "பொய்யே சொல்லிடு கண்ணு. பாவம் வந்தா என் கணக்குல வரட்டும்.")

 அக்கா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று போன் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

(அக்கா: "அப்பா கேக்கறாரு. அந்த டாக்டர் உன்னை உட்காரச் சொன்னாரான்னு.")

அதைத்தான் எழுதியிருக்கிறேனே, அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார் என்று அனுப்பினேன்.

(அக்கா: "'அப்ப சரி'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.")

அக்காவுக்கு அதன் அர்த்தம், உண்மையைச் சொல்லிவிடு என்பது. மச்சானுக்கு, இவ்வளவு நல்ல மனுஷன் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார் என்பது. அம்மாவுக்கு, இரண்டு நாள் கழித்து அப்பா வாயைத் திறந்தாரே, அது போதும் என்பது. அவனுக்கு என்ன அர்த்தம் என்று நான் இன்னும் அவனைக் கேட்கவில்லை.

7

உள்ளே போன பிறகு போனில் பேச முடியாது. அதனால் இந்தக் கடைசிப் பகுதியை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். முதலாளியம்மா படிவத்தை மேஜைமேல் வைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றுவார். தாள் அவன் பக்கம் நகரும். இதற்கு மேல் எழுதுவது என் வேலை இல்லை. பயந்து ஓடுகிறேன் என்று நினைத்தாலும் சரிதான், பாதி அதுதான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த அறையில் இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவன். இன்னொருவர், இதுவரை படித்துக்கொண்டு கூடவே உள்ளே வந்துவிட்ட நீங்கள். அவன் என்ன சொன்னாலும் அது சரியா இல்லையா என்று தெரிந்தவர் உங்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை.

அவன் தாளைக் கையில் எடுக்கிறான். டாக்டரைப் பார்க்கவில்லை, முதலாளியம்மாவையும் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறான்.