சுவர் நிறம் பிடிக்கவில்லை

நகராட்சிக்கும், ஊரார் ஜிப்ஸி என்று கூப்பிடுகிற எங்கள் ரோமா சனங்களுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் என் உத்தியோகம். அங்கே போனால் 'உங்க ஆளுங்க' என்பார்கள். இங்கே வந்தால் 'உங்க நகராட்சி' என்பார்கள். எனக்கென்று ஆளும் கிடையாது, நகராட்சியும் கிடையாது. வாய் மட்டும் உண்டு. சவெத்தாவுக்கு வாய் நீளம் என்று ரகோவெனி ஊரே சொல்லும்.

அந்த வாயையே அடைத்துப் போட்டது புது வீடுகள் விவகாரம்.

குப்பைமேட்டு ஓரத்தில் தகரமும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசைகளில்தான் எங்கள் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்காகப் பழைய செங்கல் சூளைப் பக்கம் நகராட்சி வரிசையாக வீடு கட்டியது. குறை சொல்லக்கூடாது, கெட்டியான வீடுகள். ஓட்டுக் கூரை, குழாயைத் திருகினால் தண்ணீர், குளிருக்கு அடக்கமான சுவர். படம் வரைந்தது தலைநகர் புக்கரெஸ்ட்டில். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவி கொடுத்த அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தோம். போனவர்கள் எல்லோரும் முகம் தொங்கிப்போய் வெளியே வந்தார்கள்.

"என்ன ரூபின், வீடு எப்படி?" என்று நகராட்சித் தலைவர் ஹொதொரோகா கேட்டார். பத்திரிகைக்காரர்கள் வேறு நின்றிருந்தார்கள்.

ரூபின் அண்ணன் எங்கள் கூட்டத்துக்குப் பெரியவர். மீசையைத் தடவினார், தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"சுவர் நிறம் பிடிக்கலீங்க."

தலைவர் நல்ல மனுஷர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சளை அழித்து வெள்ளை அடித்துக் கொடுத்தார். மறுபடி கேட்டார். "ஜன்னல் ரோட்டப் பாத்து இருக்குதுங்க" என்றார் ரூபின் அண்ணன். தலைவருக்கு வந்ததே கோபம்! அக்டோபர் கடைசியில் வரும் புனித துமித்ரு திருநாளுக்குள் குடியேறாவிட்டால் வீடுகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

உண்மையான காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கக்கூஸ் கதவு. அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நேர் எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது அந்தக் கதவு. சமைக்கிற இடத்துக்கு அதைவிடத் தீட்டு எங்களுக்கு வேறு இல்லை. ஒரு பெண் ஒதுங்கப் போவது அவள் மாமனார் கண்ணில் படக்கூடாது. ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் இடத்தில் அந்தப் பேச்சை எடுக்கவும் கூடாது. மானஸ்தர் ரூபின் அண்ணன், அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வார்? சுவர் நிறத்தைச் சொன்னார்.

மானம் பெரிதுதான். ஆனால் அவர் மருமகள் சம்பிலா நிறைமாதமாக இருந்தாள். அவளுடைய முதல் பிள்ளை போன குளிரில் அந்தக் குடிசையிலேயே நெஞ்சுச் சளி கட்டிச் செத்துப்போனது. அன்று மாலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, இந்தப் பிள்ளையையும் அங்க வெச்சுப் பெத்துக்க என்னால முடியாது. மாமாகிட்ட நான் வாயத் தொறக்க முடியாது. நீங்க எதாச்சும் பண்ணுங்க."

நேராகத் தலைவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தேன். வீட்டுக்குப் படம் வரைந்த இலின்காவும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, குப்பைமேட்டுல கதவே கெடையாது. அங்க வராத வெக்கம் இங்க மட்டும் எங்கேருந்து வருது?"

"அங்க புதர் இருக்கு தலைவரே. யாரு போனா, எப்போ போனான்னு யாருக்கும் தெரியாது. இங்க மாமனார் சூப்புல கரண்டி விடும்போது மருமக அவரத் தாண்டிப் போய் அந்தக் கதவத் தொறக்கணும்."

"தண்ணிக் குழாயெல்லாம் ஒரே சுவர்ல வந்தா செலவு கம்மிங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான்" என்றாள் இலின்கா. பொறுமையாகத்தான் சொன்னாள். "பழகிடும்."

அந்தப் 'பழகிடும்' என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"சரி. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. புது வீட்லயே விருந்து. சாப்பிட்டு முடிச்சதும் எங்க சனங்க பதில் சொல்லுவாங்க" என்றேன்.

ரூபின் அண்ணனை அந்த வீட்டுக்குள் உட்கார வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என் திட்டத்தைச் சொல்லி, அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் அறையை இதுவரை யாரும் உபயோகிக்கவில்லை, சமையலும் முற்றத்தில்தான் என்று சத்தியம் பண்ணின பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

"தங்கச்சி, அந்தத் தலைவரு வெக்கப்படாம உள்ள போயிட்டா? அப்புறம் இது வீடே இல்ல. எவனும் இங்க ஒரு வாய் சாப்பிட மாட்டான்."

"போயிட்டா நான் ஊர விட்டே போறேன் அண்ணே."

சொல்லிவிட்டேன். சம்பிலாவின் பிரசவத்தையே பந்தயம் வைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டி, பானை பானையாகச் சமைத்தோம். உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். பீர் குளிரக் குளிர வந்தது. அதற்குமேல் தர்பூசணி. தலைவர் ஒரு துண்டை முடிக்குமுன் அடுத்ததை வைத்தேன். "நம்ம ஊரு வயல் பழம் தலைவரே, வேணாம்னா மனசு கஷ்டப்படும்." இலின்காவும் நல்ல பிள்ளையாக வைத்ததையெல்லாம் தின்றாள். எங்கள் ஆண்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளி எழுந்த பிறகுதான் அவர்கள் சாப்பிடுவார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலைவர் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். காலைத் தூக்கிக் கால்மேல் போட்டார். இறக்கினார். கடைசியில் எழுந்து அந்தக் கதவுப் பக்கம் போனார்.

பேச்சு சட்டென்று நின்றது. எங்கள் ஆண்கள் அத்தனை பேரும் மரியாதைக்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். யாரும் இருமக்கூட இல்லை. கதவு என்னவோ அட்டை மாதிரி. உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. தலைவருக்கும் கேட்டது. கைப்பிடியில் கையை வைத்தபடியே நின்றார். கவிழ்ந்த தலைகளை ஒருமுறை பார்த்தார்.

கையை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று வாசல் வழியாகப் போனார். முற்றம் வரை நடந்தார். அதற்குப் பிறகு பிளம் மரங்கள் பக்கம் ஓட்டம்தான். ரூபின் அண்ணன் மீசை துடித்தது. ஆனாலும் சிரிக்கவில்லை, மகராசன்.

இலின்கா சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்ன செய்வாள், தர்பூசணி ஆயிற்றே. கதவைப் பார்த்தாள், ஆண்களைப் பார்த்தாள், மேசை விரிப்பைப் பார்த்தாள். சம்பிலா தன் பெரிய வயிற்றோடு எழுந்து, ஒன்றும் கேட்காமல் அவள் கையைப் பிடித்துப் பின்வேலிப் பக்கம் கூட்டிப் போனாள். நாங்கள் பெண்கள் எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்று, வெளியே யாருக்கும் எதுவும் கேட்டுவிடக்கூடாதென்று சத்தமாகப் பாடினோம்.

முடித்து வந்தவள் என் முன்னால் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"பழகாதுக்கா," என்றாள். "பழகவே பழகாது."

முற்றத்து அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். சுண்ணாம்பு காயாத வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கதவு வரைந்தாள். "குழாய் இருந்த எடத்துலயே இருக்கட்டும். உள்கதவ அடைச்சிட்டு வாசல இந்தப் பக்கம் திருப்பிடலாம். மேல ஒரு கூரை போட்டா மழையும் படாது."

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். நிம்மதி திரும்பிய முகம், கோபம் மட்டும் போகவில்லை.

"ஏன்யா ரூபின், இதுதான் விஷயம்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே! சுவர் நிறம், ஜன்னலுன்னு ஏன்யா என் உயிர வாங்கின?"

"அதெப்படீங்க வாயால சொல்றது" என்றார் ரூபின் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

தலைவர் பிளம் மரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா," என்றார் மெல்ல. "நானும் காத்து வாங்கப் போறேன்னுதானே சொன்னேன்."

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் ரூபின் அண்ணன். அப்புறம் அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. சம்பிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் புருஷன் அர்ஜிந்த் சம்மட்டியைக் கொண்டுவந்தான். தலைவர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். "அந்தக் கதவு மேல எனக்குத் தனியா ஒரு கணக்கு இருக்கு" என்று சொல்லி, இலின்கா போட்ட கரிக்கோட்டுக்குள் முதல் அடி அடித்தார். செங்கல் சிதறியது. எங்கள் சனங்கள் போட்ட கூச்சல் குப்பைமேடு வரைக்கும் கேட்டிருக்கும். மிச்சத்தை எங்கள் ஆண்களே இடித்தார்கள், எல்லா வீட்டிலும்.

முதல் பனி விழுவதற்கு முன்னாலேயே அந்தப் புது வீட்டிலேயே சம்பிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுப்புச் சூட்டில், கன்னம் பழமாகச் சிவந்து தூங்கியது. பனி விழுந்த பிறகு பார்க்க வந்த தலைவர் காலணியை உதறிவிட்டு உள்ளே வந்தார், மேசையில் உட்கார்ந்தார், ரூபின் அண்ணனோடு ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிட்டார்.

"இப்பவாச்சும் சொல்லு ரூபின். வீடு எப்படி?"

ரூபின் அண்ணன் பேத்தியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க. சுவர் நிறம்தான் நெஜமாவே பிடிக்கல. அந்த மஞ்சளே தேவல."