அம்மாவின் நிரையில் ஆறு காயம்

ஆறாவது ரப்பர் மரத்தில் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டுவிட்டது. பால் கொப்பளித்து வீரம்மாவின் விரலில் வழிந்தது. போதும். இருளாயியைத் தோட்டத்தை விட்டே விரட்ட இந்த ஆறு காயம் போதும்.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் பழனியப்பன் கங்காணி கத்தியிருந்தார்: "இன்னிக்குத் தொரை மரம் பாக்க வாராரு! எவ நிரையில காயம் இருக்கோ, அவ மூட்டையைக் கட்டிக்கிட்டு சுங்காய் ரயில் ஸ்டேசனுக்கு நடக்க வேண்டியதுதான்!"

இருளாயி பால் வாளியோடு ஸ்டோருக்குப் போயிருந்தாள். வீரம்மா அவளுடைய கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஒட்டுப்பால் கூடையைத் தூக்கிக்கொண்டாள். மரத்தில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துச் சேர்ப்பதுதான் பன்னிரண்டு வயசுக்காரிக்குக் கொடுத்த வேலை.

இது அம்மாவின் நிரை, அவள் தினமும் பால் வெட்டிய மர வரிசை. போன வருசம் காய்ச்சல் அம்மாவைக் கொண்டுபோனது. தை மாதம் அப்பா சீனி, புருசனை இழந்த இருளாயிக்குத் தாலி கட்டினார். அடுத்த வாரமே கங்காணி இந்த மரங்களை அவளுக்குக் கொடுத்தார். லயத்து வீட்டில் அம்மாவின் பாய் அவளுக்கு. வீரம்மாவின் பாயில் பாதி, அவள் கூட்டி வந்த ஆறு வயசுக் கருப்பம்மாளுக்கு. அதையெல்லாம் சகித்திருப்பாள். நேற்றுச் சோற்றுத் தட்டின் முன்னால் அப்பா சொன்னதுதான் நெஞ்சில் நின்றது.

"இருளாயி வெட்டுனா மரத்துக்கே வலிக்காது. முன்ன இந்த நிரையில எம்புட்டுக் காயம்!"

முன்ன என்றால் அம்மா.

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உரித்த மரத்தையே மறுபடி உரித்தாள். தூரத்தில் குரல் கேட்டது. தொரையா? இல்லை, பக்கத்து நிரைக்காரி. மறுபடி சத்தம். இந்தத் தடவை குதிரை.

திரும்பிப் பார்த்தாள். கூட வந்திருந்த கருப்பம்மாள் அந்தக் கத்தியை எடுத்து, வேரில் உட்கார்ந்து ரப்பர் கொட்டையைப் பிளந்துகொண்டிருந்தாள்!

கூப்பிட நேரமில்லை. தொரை இறங்கிவிட்டார். பின்னால் பிரம்போடு கங்காணி. எதிர்ப்பக்கம் காலி வாளியோடு இருளாயி.

தொரை ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்தார். முகம் சிவந்தது. இங்கிலீசில் ஏதோ உறுமினார்.

"இருளாயி! என்னடி இது?" என்று கத்தினார் கங்காணி.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். காயத்தில் விரல் விட்டுப் பார்த்தாள். "நான் வெட்டலீங்க."

"உன் கை இப்படி வெட்டாதுன்னு எனக்கும் தெரியும். அப்ப யாரு, பேயா?" கங்காணியின் கண் கத்தியில் விழுந்தது. "ஓஹோ! இந்தக் குட்டிச்சாத்தான் வேலையா?"

பிரம்பு கருப்பம்மாளின் கெண்டைக்காலில் சுளீரென்று இறங்கியது. குழந்தை வீறிட்டது.

இருளாயி கத்தவில்லை. அவள் பார்வை வீரம்மாவின் கையில் நின்றது. ஒட்டுப்பால் பொறுக்கும் கையில் ஏது ஈரப் பால்? வீரம்மா கையைப் பாவாடைக்குள் ஒளித்தாள். இருளாயியின் உதடு பிரிந்தது.

பிரம்பு மறுபடி உயர்ந்தது.

"அடிக்காதீங்க! நான்தான்!" என்று கத்தினாள் வீரம்மா.

கங்காணி பிரம்பை இறக்கினார்.

"ஏண்டி?"

"இவங்க போகணும்னு."

கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "இவ போனா உங்கப்பன் மட்டும் லயத்துல இருப்பானாடி? குடும்பத்தோட தெருவுலதான் நிக்கணும்!" பிரம்பு மூன்று முறை வீரம்மாவின் முதுகில் விழுந்தது. அவர் தொரையிடம் குனிந்து குழைந்து பேசினார். பிறகு திரும்பினார். "தப்பிச்சீங்க. நாளையிலேருந்து நிரை வேற ஆளுக்கு. நீங்க ரெண்டு பேரும் புல்லு வெட்டப் போங்க."

அம்மாவின் மரங்கள் போயின. அவளே தூக்கிக் கொடுத்துவிட்டாள். வீரம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

குதிரைச் சத்தம் தேய்ந்ததும் இருளாயி மரக்காயத்தை மூடும் தார் டப்பாவை எடுத்து வந்தாள். முதல் காயத்தில் பூசத் தொடங்கினாள்.

"சின்னம்மா... என்னைக் காட்டிக் குடுக்க வாயெடுத்தீங்கதானே?"

"ஆமா." அவள் திரும்பவில்லை. "இன்னொரு அடி எம்புள்ள மேல விழுந்திருந்தா குடுத்திருப்பேன். நீ முந்திக்கிட்ட."

நொண்டிக்கொண்டே வந்த கருப்பம்மாள் வீரம்மாவின் பாதத்தை ஓங்கி மிதித்தாள். "உன் பாயில இனி முக்கால்வாசி எனக்கு!"

"அழுதுக்கிட்டே நிக்காத," என்றாள் இருளாயி. "மழை வருது. டப்பாவைப் பிடி. இன்னும் அஞ்சு இருக்கு."

வீரம்மா டப்பாவைப் பிடித்தாள். இரண்டாவது மரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.