நடைபாதைக்குப் போய் வந்த மேசை

“நடைபாதையில வச்சது ஊர் சொத்துன்னு எனக்கே பாடம் எடுக்கிறியாடா, தாடிக்காரா? நான் அதைத் தூக்கிப் போடலைடா! கழுவி, வெயில்ல காய...”

அந்த இடத்தில் விமானம் வந்துவிட்டது. வூலா திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே நின்ற ஃபெர்கஸும் தூக்கிய கையை இறக்கவில்லை. விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் மாரிக்வில்லில் சண்டை எவ்வளவு முற்றியிருந்தாலும், தலைக்கு மேலே விமானம் போகும்போது நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் மரியாதை. ஓட்டுக் கூரைகளை உரசுவதுபோல் வயிற்றைக் காட்டிக்கொண்டு அது போய் முடிந்தது.

“...வச்சேன்!” என்று விட்ட இடத்தில் பிடித்தாள் வூலா.

“நாலு காலையும் கழட்டி வேலியில சாச்சு வச்சிருந்தீங்க. நகராட்சிக்காரங்க பெரிய குப்பை அள்ற வாரம் வேற. தெரு முழுக்க சோஃபாவும் மெத்தையுமா கிடக்கு. நடுவுல ஒரு மேசையும் கிடந்தா நான் என்னன்னு நினைப்பேன்?”

“வாய் இருக்குல்ல? ஒரு குரல் கொடுத்துக் கேட்டா முத்தா உதிர்ந்துடும்?”

பக்கத்து வராந்தாவில் நொலீன் தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே உட்காராத சண்டை எங்கள் தெருவில் நடந்ததே இல்லை.

“பையன் சொல்றது நியாயந்தாண்டி, வூலா. உன் சோஃபா எங்கேருந்து வந்துச்சு? அந்த நிலைக்கண்ணாடி? அட, அந்த நீலஜாடி எங்கேருந்துடி வந்துச்சு?”

நீலஜாடி என்றதும் வூலாவுக்குச் சுருக்கென்றது. பின்தெரு மிஸஸ் ட்ரின் மூன்று வருடங்களுக்கு முன் வராந்தாவைக் கழுவும்போது அதைச் சற்றே வெளியே நகர்த்தி வைத்திருந்தாள். வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டு வருவதற்குள் வூலா அதைக் கட்டியணைத்துத் தூக்கி வந்துவிட்டாள். பின்னாலேயே வந்து கேட்டவளிடம், “நடைபாதைன்னா நடைபாதைதான்” என்று சட்டம் பேசிக் கதவைச் சாத்தினாள். இப்போது அதில் துளசி மாதிரிக் கமகமவென்று பேசில் செடி வளர்கிறது. மிஸஸ் ட்ரின்னும் வூலாவைப் பார்த்தால் தன் பெரிய தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறாள்.

அதனால்தானோ என்னவோ, வூலாவின் குரல் இறங்கிவிட்டது. வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு ஈஸ்டர். மத்தியானம் வேன்ல மனோலிஸைக் கூட்டிட்டு வர்றாங்க. அந்த மேசை இல்லைன்னா அவருக்கு வீடே தெரியாதுடா.”

இது நொலீனுக்குத் தெரியும். புதிதாக வந்த ஃபெர்கஸுக்குத் தெரியாது. வூலாவும் அவள் கணவர் மனோலிஸும் ஒரே செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அங்கே உணவறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மேசை அது. தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் முதலாளியைத் திட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். மனோலிஸ் மேசையோடு வந்தார். அவர் உட்காரும் முனையில், அவர் சிகரெட்டே சுட்டு உண்டான ஒரு குழி. இப்போது அவர் முதியோர் பராமரிப்பு விடுதியில் இருக்கிறார். சில நாட்களில் வூலாவை நர்ஸ் என்று கூப்பிடுகிறார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தபோது, “யார் வீடும்மா இது? என்னைக் கொண்டுபோய் விடுங்க” என்று கூடத்திலேயே நின்று அழுதார். எப்படியோ மேசை முன் உட்கார வைத்தார்கள். கட்டைவிரல் அந்தக் குழியைக் கண்டுபிடித்தது. “உப்பு எங்கே?” என்றார். அன்று மாலைவரை அவர் மனோலிஸாகவே இருந்தார்.

இதையெல்லாம் வூலா சொல்லக் கேட்டதும் ஃபெர்கஸ் தாடியைச் சொறிந்தான்.

“மன்னிச்சுக்கோங்க வூலா. அது என்கிட்ட இல்ல. எங்க வீட்டு நடையில திரும்பவே மாட்டேன்னுடுச்சு. எடுத்த அன்னைக்குச் சாயங்காலமே திரும்ப வெளியில வச்சுட்டேன். ரயில் பாலத்து வீட்டுப் பசங்க தூக்கிட்டுப் போனாங்க.”

ரயில் பாலத்து வீட்டில் மாணவர்கள் ஐந்தாறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். சனிக்கிழமை முழுவதும் மூன்று முறை போய்த் தட்டியும் கதவு திறக்கவில்லை. ஞாயிறு காலையில்தான், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இமோஜென் என்ற பெண் வந்து திறந்தாள்.

“ஐயோ, அந்த மேசையா? இருக்கிற நாற்காலி எதுவுமே அதோட உயரத்துக்குச் சரியா வரல. நேத்து விடியகாலைல வெளிய வச்சோம். ஒரு அம்மா சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. நல்ல அம்மா. எங்களுக்கு ஒரு கட்டு புதினா கொடுத்தாங்க.”

“எந்த அம்மா?” என்றான் ஃபெர்கஸ்.

“முகமே தெரியல. இவ்ளோ பெரிய தொப்பி.”

கூடவே வந்திருந்த நொலீன், வூலாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, பாவம் என்றா என்பது அவளுக்கே தெரியாது.

மிஸஸ் ட்ரின் வீட்டுக் கொல்லையில் மேசை நின்றது. நாலு காலும் ஒழுங்காக முடுக்கப்பட்டு, மேலே மிளகாய் நாற்றும் புதினாத் தொட்டிகளும் வரிசையாக இருந்தன. மிஸஸ் ட்ரின் கையில் தண்ணீர்க் குழாயோடு, தொப்பியைத் தூக்காமலே கேட்டாள்:

“அன்னைக்கு நீ எனக்கு என்ன சொன்னே?”

“நடைபாதைன்னா நடைபாதைதான்னு.”

“ஆங்.”

வூலா நாற்பது வருடத்தில் இந்த ஊரில் யாரிடமும் கெஞ்சியதில்லை. “நான் பண்ணினது தப்புதான், ட்ரின். ஜாடியை இப்பவே கொண்டுவந்து தர்றேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மேசையைக் கொடு. அவருக்கு...” என்றவள், மனோலிஸ் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். இந்தத் தடவை விமானம்கூட வரவில்லை.

மிஸஸ் ட்ரின் குழாயை மூடினாள். ஒரு தொட்டியை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு இன்னொன்றை.

“ஜாடி கிடக்கட்டும். அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்? ஏ தாடி, பார்த்துட்டே நின்னா மேசை நடந்தா போகும்? அந்தப் பக்கம் பிடி!”

ஃபெர்கஸ் ஒரு முனை, கூடவே வந்துவிட்ட இமோஜென் மறுமுனை. வழியெல்லாம் இருவரும் நீ சரியாகப் பிடி, நீதான் சரியாகப் பிடிக்கவில்லை என்று சண்டை. தெருமுனைக்கு வந்தபோது வேன் ஏற்கெனவே நின்றிருந்தது. கால்களைக் கழற்றி, பின்சந்து வழியாக உள்ளே கொண்டுபோக நேரமில்லை. வீட்டு வாசலில், நடைபாதையிலேயே, மரத்தடி நிழலில் மேசையைப் போட்டார்கள்.

மனோலிஸ் இறங்கிச் சுற்றும்முற்றும் பார்த்தார். “யார் வீட்டுக் கல்யாணம்?” என்று கேட்டார். வூலா அவரைக் கூட்டிப்போய் அவருடைய முனையிலேயே உட்கார வைத்தாள். கட்டைவிரல் பலகையின் ஓரமாக ஊர்ந்தது. புதினாத் தொட்டி ஊறிய ஈரவட்டத்தைத் தாண்டியது. ஓரிடத்தில் நின்றது.

வூலா எல்லோரையும் பார்த்தாள். “என்ன வேடிக்கை? நடைபாதையில வச்சது ஊர் சொத்துதானே? உக்காருங்க!” என்றாள். நொலீன் தன் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்தாள். மிஸஸ் ட்ரின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஈஸ்டருக்குச் சாயமேற்றிய சிவப்பு முட்டைகள் கைமாறின. வாட்டிய ஆட்டுக்கறி வந்தது. நாயோடு நடைபோக வந்த யாரோ ஒருவருக்கும், அவருடைய நாய்க்கும், ஒவ்வொரு தட்டு கிடைத்தது.

மனோலிஸ் ஒரு வாய் மென்றார். விரலை உயர்த்தினார். “வூலா, இந்தத் தடவையும் நீ கறியில...”

விமானம் வந்தது. அவர் விரலை உயர்த்தியபடியே நிறுத்தினார். மேசையே நிறுத்தியது. கரண்டிகள் காற்றில் நின்றன. விமானத்தின் நிழல் தட்டுகள்மேல் ஓடிக் கடந்தது.

“...எலுமிச்சை கம்மியா போட்டிருக்கே” என்று முடித்தார் மனோலிஸ்.

வூலா எலுமிச்சை பறிக்கக் கொல்லைக்குப் போனாள். ஒரு பழம் பறிக்க அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்று நொலீன்கூடக் கேட்கவில்லை.

நீலஜாடி மறுநாளே பேசில் செடியோடு பின்தெருவுக்குப் போனது. ஒரு வாரத்தில், அதே செடியும் கூடவே ஒரு புதினாவுமாகத் திரும்பி வந்தது. இப்போது அது யாருடையது என்று இருவருக்குமே தெரியாது. மனோலிஸ் அடுத்த ஈஸ்டருக்கும் வந்து உப்பு கேட்டார். அதற்கடுத்த ஈஸ்டருக்கு இல்லை. அன்றைக்கும் வூலா மேசையை நடைபாதையில்தான் போட்டாள். மேசையைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்ட இருவரும் சண்டையை விட மனமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, இங்கே வாடகை கட்டி மாளாமல் தெற்கே வுலாங்காங் ஊருக்குக் குடிபோனார்கள். மிஸஸ் ட்ரின் மட்டும் வீட்டை விற்கச் சொல்லி வந்தவர்களையெல்லாம் தண்ணீர்க் குழாயால் விரட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். நொலீனும் எங்கும் போகவில்லை. போனால் தெருவுக்குக் காது கேட்காமல் போய்விடும்.