ஓட்டை விழாத சோப்பு

சோப்பைத் துருவும்போது விரல் கீறிவிட்டது. சோப்பு பட்ட காயம் சுரீரென்று எரிந்தது. வேறு வீடாக இருந்தால் தம்பிக்காரன் ஊரைக் கூட்டியிருப்பான். பக்கத்து அறையில் அக்கா இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு விரலைக் குழாயடியில் நீட்டினான்.

அந்த வீட்டில் சத்தத்துக்குத் தடை போட்டவனே அவன்தான். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கினான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான். குக்கரைப் பரணில் ஏற்றினான். மின்விசிறி பழுது பார்ப்பவன் ஆயிற்றே, அக்கா தலைக்கு மேல் ஓடிய விசிறிகூட ஊமையாகத்தான் சுற்றியது. ஒரு கரண்டி விழுந்தாலும் அவள் முகம் வலியில் சுருங்கியது. அதைப் பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை.

சோப்பு அவளுடைய பிழைப்பு. தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் சோப்பக்காதான். கடைசிக் கலவையைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் சமையலறையில் சரிந்தாள். கவனிப்பார் இல்லாமல் அது கட்டிகட்டியாக உறைந்துபோனது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய அன்று, அவள் கேட்டது அதைப் பற்றித்தான்.

"அதை உருக்கி, வழவழன்னு வாத்து எங்கிட்ட காட்டுடா. அரைகுறையா விட்டுட்டுப் போனா என் கட்டை வேகாது."

ஒருமுறை உருக்கி வார்த்தும் காட்டினான். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, எலி கடிச்ச மாதிரி? பூரா ஓட்டை."

"தண்ணி கூடிப்போச்சுக்கா."

"தண்ணியெல்லாம் சரியாத்தான் இருக்கு. அச்சை மேஜையில தட்டுனியா?"

"தட்டுனேனே."

"என் காதுல விழலையே."

"நீ தூங்கிட்டிருந்த."

"அந்தச் சத்தத்துக்கு செத்த பொணம்கூட எழுந்து உக்காரும்டா. ஓங்கித் தட்டுனாத்தான் உள்ள இருக்குற காத்து வெளிய வரும். தடவிக் குடுத்தா வருமா?"

தட்டியது உண்மைதான். மேஜைமேல் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் தட்டியிருந்தான். அதை எப்படிச் சொல்வது? தலையைச் சொறிந்தான்.

இன்று மறுபடியும். ஓட்டை விழுந்த கட்டிகளைத் துருவி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சின்னத் தீயில் ஏற்றினான். தண்ணீரைக் கையால் தெளித்தான். அசைத்துப் பார்ப்பதற்குள் அறையிலிருந்து குரல் வந்தது.

"கிளறாத, நுரைச்சுப் போயிரும். பெரட்டிக் குடு."

"நீ இன்னும் தூங்கலையா?"

"இன்னைக்காவது தட்டுவியா?"

"தட்டுறேன்க்கா."

"எனக்குக் கேக்கணும்."

"கேக்கும் கேக்கும். படு."

சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தான். மடித்த துண்டு ஏற்கெனவே அங்கே கிடந்தது.

சோப்பு மெல்ல இளகியது. கட்டிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, களிம்பு மாதிரி மின்னிக்கொண்டு புரண்டது. இவ்வளவு அழகாக வரும் என்று அவனே நினைக்கவில்லை. "அக்கா, பதம் வந்துருச்சு" என்றான். பதில் இல்லை. நல்லவேளை, தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, கரண்டி பாத்திரத்தில் இடிக்காமல் புரட்டினான்.

அவளுக்கு ஊசி போட வரும் மாடி வீட்டு நர்ஸ் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அடுப்பை அணைச்சிட்டு வாங்க."

"மெதுவா பேசுங்க. தூங்குறா."

"இல்லைங்க" என்றாள் நர்ஸ். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அதில்தான் அவனுக்கு விளங்கியது.

போய்ப் பார்த்தான். அக்காவின் நெற்றியில் சுருக்கமே இல்லை. அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உடம்பைத் துடைச்சு விடணும்" என்றாள் நர்ஸ். "சோப்பு இருந்தா குடுங்க."

துருவாமல் ஒரே ஒரு கட்டி மிஞ்சியிருந்தது. எலி கடித்த சோப்பு. அதைக் கொடுக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. சோப்பக்காவின் வீட்டில் வேறு சோப்பு இல்லை.

நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் சமையலறைக்குத் திரும்பினான். பாத்திரத்தில் ஆடை படர்ந்திருந்தது. அடுப்பை மீண்டும் பற்றவைத்து, வெந்நீர் தெளித்து, கிளறாமல் புரட்டினான். பதம் திரும்பியதும் அச்சில் வழித்துப் போட்டான்.

மேஜைமேல் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளில் போட்டான். இரண்டு கையாலும் அச்சைத் தூக்கி, வெறும் பலகைமேல் ஓங்கித் தட்டினான். அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. காத்து வெளிய வரணும்."

சோப்பின்மேல் சின்னக் குமிழிகள் எழும்பி உடைந்தன. திறந்திருந்த கதவின் பக்கம் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

பிறகு அச்சை முன்னைவிட உயரமாகத் தூக்கினான்.