ஐந்து மணிக்கு இரண்டு பேர்

இன்று மாலை கணினி வகுப்பில் நடந்ததை மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன். மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். எங்களில் ஒருவரை வேலைக்கு எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். ஆசைப்படத் தகுதி உண்டா என்பதில்தான் சந்தேகம்.

எங்கள் வகுப்பில் இருவர் சேர்ந்துதான் நிரல் எழுதவேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் தட்டவேண்டும். தட்டுபவர் சொந்தமாக ஒரு புள்ளிகூடச் சேர்க்கக் கூடாது. எனக்கு ஜோடி என் அண்ணி. பேசப் பயந்து, இதுவரை தட்டும் பக்கமே ஒதுங்கியிருந்தேன். இன்று பொறியாளர் எங்களை இடம் மாறி உட்காரச் சொன்னார்.

பல் மருத்துவரிடம் நேரம் பதிவு செய்யும் நிரல் எங்களுடையது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அண்ணி திரையைப் பார்த்தபடியே, "நான் சமைச்சா மட்டும் உப்பு பத்தலைன்னு உடனே வாய் வருது. இதுலயும் ஏதாவது குறை சொல்லேன்" என்றார்.

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு குறையும் தென்பட்டது. ஒரே நேரத்தை இரண்டு பேர் ஒன்றாகக் கேட்டால்? பக்கத்துக் கணினியிலும் நிரலைத் திறந்து, நானும் அண்ணியும் சேர்ந்தாற்போல் மாலை ஐந்து மணியை அழுத்தினோம். இருவருக்கும் 'பதிவு உறுதி' என்று வந்தது. ஒரே நாற்காலியில் இரண்டு வாய்.

எங்கள் ஓட்டையை நானே பொறியாளர் முன் போட்டு உடைத்துவிட்டேன். வேலை கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். ஆனால் குறையைக் கண்டபின் அதை அப்படியே விட மனம் வரவில்லை. நேரம் காலியா என்று பார்ப்பதும் பதிவதும் தனித்தனியாக நடந்ததுதான் கோளாறு. பார்க்கும்போதே அந்த நேரத்தைப் பூட்டிவிடும்படி வரிவரியாகச் சொன்னேன். ஓரிடத்தில் அடைப்புக்குறியை மூடச் சொல்ல மறந்தேன். நானே கவனித்துச் சொல்லும்வரை அண்ணி விதிப்படி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மறுபடி அழுத்தினோம். எனக்கு ஐந்து மணி கிடைத்தது. அண்ணிக்கு வேறு நேரம் பார்க்கச் சொல்லி வந்தது. தனக்குத்தான் பல்வலி அதிகம் என்று அவர் பொறியாளரிடம் முறையிட்டார்.

பொறியாளர் சிரித்தார். எல்லாரும் தங்கள் நிரல் ஓடுவதைக் காட்டத்தான் முந்துகிறார்கள், தானே உடைத்துப் பார்த்துச் சரிசெய்கிறவர் அரிது என்றார். அவர் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருடைய குழுவில் அவர் ஒருவர்தான் பெண்ணாம். இப்போது பாதிப்பேர் பெண்கள். பிறகு என்னிடம், "திங்கட்கிழமை வந்து சேர முடியுமா?" என்றார்.

"முடியும் மேடம்" என்றேன். கடைசி வரிசைவரை கேட்டதாம்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அண்ணி, அண்ணனுடன் போனில் பேசிக்கொண்டே வந்தார். "உங்க தங்கச்சிக்கு வேலை கிடைச்சிருச்சுங்க. தட்டினது யாருன்னு ஒரு வார்த்தை கேளுங்க."