கைடு பொண்ணு நீட்டின கை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டு வெச்சிருக்கிற விநாயகத்துக்கு ஒரு கைதான். அதுவும் இடது கை. ஊர்ல அதை இடது கைன்னு யார் சொல்றா? பீச்சாங்கை. அதால சோறு தின்னக் கூடாது, காசு வாங்கக் கூடாது, வெத்தலை பாக்கு எடுக்கக் கூடாது. அதுக்குன்னு ஒரே ஒரு வேலையைத்தான் ஒதுக்கி வெச்சிருக்காங்க, அது இன்னான்னு விளக்க வேணாம். சோத்துக்கை போன மனுஷன் இன்னாதான் பண்ணுவான்? மிச்சம் இருக்கிற கையாலதான் தின்னணும். ஆனா நாலு பேர் எதிர்ல தின்ன மாட்டான் விநாயகம். கல்யாணம் காட்சின்னா பொண்டாட்டியை வாசல் வரைக்கும் கொண்டு போயி விட்டுட்டு, அப்படியே திரும்பி வந்துடுவான். டோக்கனைக்கூட நேராக் கையில குடுக்கிறதில்ல. சைக்கிள் சீட்டு மேல வெப்பான், வேணுங்கறவங்க எடுத்துக்குவாங்க.

ஒரே பொண்ணு மங்கை, ஒன்பதாவது படிக்குது. அது படிக்கிற இஸ்கூலுக்கு அந்த வருஷம் வசந்தா டீச்சர்னு ஒருத்தங்க மாத்தலாகி வந்தாங்க. வந்ததும் வராததுமா சாரணியர் படைன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஊர்க்காரங்க வாயில சாரணியர் நுழையுமா? கைடுன்னு சொல்லிட்டாங்க. நீலச் சட்டை, நீலப் பாவாடை, கழுத்துல ஸ்கார்ஃப், பதினாறு பொண்ணுங்க. மங்கைதான் குழுத் தலைவி. பேருலயே கை இருக்கிற கூட்டத்துல போயி நம்ம பொண்ணு சேர்ந்துச்சே பாருன்னு விநாயகம் தனக்குத்தானே சிரிச்சுக்கினான்.

அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போற ஜனம் செஞ்சியிலதான் பஸ் மாறும். ஸ்பெஷல் பஸ்ஸு எத்தனை விட்டாலும் பத்தாது. புள்ளைங்களையும் மூட்டையையும் தூக்கிக்கினு மணிக்கணக்கா வெயில்ல நிக்கும், குடிக்கத் தண்ணி இருக்காது. கைடு பொண்ணுங்க அங்க ஒரு தண்ணிப் பந்தல் போட்டு, மூட்டை தூக்கி விட்டு, மயக்கம் வந்தவங்களைப் பாத்துக்கலாம்னு முடிவு பண்ணாங்க. டிரம்மு வேணும், டம்ளரு வேணும், மருந்துப் பெட்டி வேணும். "யார்கிட்டயும் போய்க் கை நீட்டக் கூடாது, நாமளே உழைச்சு வாங்கணும்"னு டீச்சர் சொல்லிட்டாங்க. அப்படி வந்ததுதான் பிஸ்கட் யோசனை.

பிஸ்கட்டுக்கு ஹுசைன் பீ. மங்கைகூடப் படிக்கிற முன்னியோட அம்மா. பித்தளைத் தட்டுக்குக் கீழயும் நெருப்பு, மூடி மேலயும் நெருப்பு வெச்சு அந்தம்மா சுட்டா, அடுத்த தெருவுல போறவன் நின்னு மூக்கை உறிஞ்சுவான். நெய் பிஸ்கட்னு பேரு, போட்டது என்னமோ டால்டாதான். ஒரு வாரமா பதினாறு பொண்ணுங்களும் அந்த வீட்டுலயே கிடந்து சர்க்கரை இடிச்சு, மாவு பிசைஞ்சு, பாக்கெட்டு கட்டினாங்க. மங்கை ராத்திரி வீட்டுக்கு வந்தா தலைமுடியெல்லாம் ஏலக்கா வாசனை அடிக்கும்.

விக்கிறதுக்கு நிழலா ஒரு இடம் வேணுமே. பஸ் ஸ்டாண்டு ஓரத்துல எண்ணெய்க்கடை வெச்சிருக்கிற ராஜாங்கம் முதலாளி, "என் கடை வாசல்லயே போட்டுக்குங்க"ன்னாரு. மொதப் பாக்கெட்டை நானே வாங்கறேன், மில்லு ஆளுங்களுக்கு ரெண்டு டின்னு எடுத்துக்கறேன்னும் சொன்னாரு. மில்லுன்னா அவரோட கடலை மில்லு. மூணு வருஷம் முன்னாடி விநாயகம் கையை விட்டது அந்த மில்லுலதான்.

பங்குனி அமாவாசை. பங்குனி வெயில் பல்லைக் காட்டிக்கினு அடிக்குது. பத்தரை மணி இருக்கும், ராஜாங்கம் முதலாளி ரோட்டைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தாரு. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வராத மனுஷன். விநாயகம் பதறி எழுந்தான். வழக்கம்போல வெட்டுப்பட்ட கை மேல துண்டை இழுத்து விட்டுக்கினான்.

"விநாயகம், உன் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னாத்த மொதலாளி?"

"தெரியாத மாதிரி கேக்காத. பாக்கெட்டைக் குடுத்தா, வாங்கினேன். குடுத்துட்டு விறைப்பா நின்னு, என் மூஞ்சியைப் பாத்து, பீச்சாங்கையை நீட்டுறா. அத்தனை ஜனம் எதிர்ல. சோத்துக்கை நல்லாத்தானே இருக்குது? அதைத் தொங்கப் போட்டுக்கினு இதை நீட்டுனா இன்னா அர்த்தம்? எங்க நைனாவுக்கு நீ மிச்சம் வெச்ச கை இதுதான்னு சொல்லாம சொல்றாளா?"

யார் காதுலயாவது விழுந்துச்சான்னு விநாயகம் சுத்திலும் பாத்தான்.

கை எப்படிப் போச்சுங்கிறது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதி. அன்னைக்கு மிஷின்ல பெல்ட்டு நழுவிடுச்சு. மெட்ராஸ் லாரி வாசல்ல நிக்குது. விநாயகம் மிஷினை நிறுத்தப் போனான். "நிறுத்தாதடா, ஓட்டத்துலயே தள்ளி ஏத்து"ன்னாரு ராஜாங்கம். தள்ளினான். கை போச்சு. ஆஸ்பத்திரியில கேட்டப்போ "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்"னான். பொண்டாட்டி கேட்டப்பவும் அதேதான். முதலாளி வைத்தியச் செலவு பாத்தாரு, சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துக் குடுத்தாரு. உப்பைத் தின்ன வாய் எப்படித் திறக்கும்? அன்னையிலிருந்து ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேருக்கு நேர் பாத்துக்கிறதே இல்ல.

"எம் பொண்ணு மேல ஆணையா நான் சொல்லல மொதலாளி."

"அப்போ அவளுக்கு யாரு சொன்னா? வேற யாருக்குத் தெரியும்?" அவரு குரல் உடைஞ்சுது. உடைஞ்சதை மறைக்க இன்னும் கத்தினாரு. "அந்தக் கும்பல் என் கடை வாசல்ல இருக்கக் கூடாதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். உன் பொண்ணு அந்த டிரெஸ்ஸோட என் கண்ணுலயே படக் கூடாது."

அவரு போனதும் விநாயகம் உக்காந்துட்டான். பயம்தான். ஆனா உண்மையைச் சொல்லணும்ல, அந்தப் பயத்துக்கு அடியில ஒரு துளி சந்தோஷமும் இருந்துச்சு. எனக்காக எம் பொண்ணு கேட்டுட்டாளா? எப்படியோ தெரிஞ்சுக்கினு, பெரிய மனுஷன் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாளா? அந்தச் சந்தோஷத்தை நினைச்சு அவனுக்கே வெக்கமாயிடுச்சு. அந்த நீலச் சட்டையைப் போட்ட பிறகுதான் புள்ளை சிரிக்கவே ஆரம்பிச்சுது, அதைப் போயி கெடுத்துக்கினாளேன்னு எழுந்து ஓடினான். ஸ்டாண்டைப் பக்கத்து டீக்கடைக்காரன் பாத்துக்கினான்.

பஸ் ஸ்டாண்டு மதிலோரம் மொட்டை வெயில்ல டின்னுங்களை அடுக்கிட்டு நிக்கிறாங்க பொண்ணுங்க. டால்டா உருகிப் பாக்கெட்டெல்லாம் எண்ணெய் வழியுது. கூவி விக்கிறதுக்கு ஒருத்திக்கும் வாய் வரல. டின்னுக்குப் பின்னாடி மங்கை குத்துக்காலிட்டு உக்காந்திருக்குது. கழுத்துல ஸ்கார்ஃப் இல்ல.

"அந்த முதலாளி நான் சொல்ல வந்ததைக் கேக்கவே இல்லீங்க. ஸ்கார்ஃபை நான் கழட்டச் சொல்லல," வசந்தா டீச்சருக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு. "என்னால எல்லார் உழைப்பும் வீணாப் போச்சுன்னு அவளே கழட்டி மடிச்சு வெச்சிட்டா."

விநாயகம் மகள் பக்கத்துல உக்காந்தான். "இன்னாத்துக்கும்மா அந்தக் கையை நீட்டின?"

"அது எங்க முறை நைனா." மூக்கை உறிஞ்சிக்கினே சொல்லுச்சு. "உலகம் பூரா கைடுங்க இடது கையாலதான் கை குலுக்குவாங்க. நெஞ்சுக்குப் பக்கத்துல இருக்கிற கை அதுதானே, அதனால. நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் அதைக் குடுக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. அவரு நிழல் குடுத்தாரு, மொதப் பாக்கெட்டை வாங்கினாரு. அவரும் நம்ம ஆளுன்னு நினைச்சிட்டேன்."

அவ்வளவுதான் சங்கதி. வஞ்சமும் இல்ல, கேள்வியும் இல்ல. மரியாதைன்னு நினைச்சு அந்தப் புள்ளை நீட்டின கையில, தப்பு செஞ்ச மனசு என்னென்னத்தையோ பாத்துடுச்சு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?

"வீட்டுல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

மங்கை குனிஞ்சு பாக்கெட்டுல வழியற எண்ணெயைத் துடைச்சுது. பக்கத்துல நின்ன முன்னிக்குத்தான் பொறுக்கல. "மொத மொத உங்ககிட்டதான் நீட்டினாளாம் மாமா. நீங்க பட்டுனு தட்டி விட்டுட்டீங்களாம். ஊர்ல எல்லாரும் தப்புக் கையைக் குடுக்கிறாங்க, எங்க நைனாகிட்டதான் சரியான கை இருக்குதுன்னு எங்ககிட்ட எவ்வளவு பெருமை அடிச்சா தெரியுமா?"

விநாயகத்துக்கு ஞாபகம் வந்துச்சு. மூணு வாரம் முன்னாடி, டோக்கன் பலகையைத் துடைச்சிக்கினு இருந்தப்போ புள்ளை வந்து நின்னு, "நைனா, கை குடு"ன்னு நீட்டுச்சு. கேலி பண்ணுதுன்னு நினைச்சான். "பெரியவங்ககிட்ட பீச்சாங்கையா நீட்டுற?"ன்னு அடிச்சே விட்டான். அடிச்சதும் அதே பீச்சாங்கையாலதான். அய்யோ, இன்னா மனுஷன் நான்னு அவன் நெஞ்சு வலிச்சுது.

மடிச்சு வெச்ச ஸ்கார்ஃபை எடுத்து மக மடியில வெச்சான். "கட்டிக்கோ கண்ணு. எனக்குக் கட்டிவிட வராது. கட்டிக்கினு என்கூட வா."

எண்ணெய்க்கடையில ராஜாங்கம் கல்லாவுல உக்காந்திருந்தாரு. மொதப் பாக்கெட்டு பிரிக்காம மேஜை மேல கிடந்துச்சு. வாசல்ல பஸ்ஸுக்கு நிக்கிற ஜனம், உள்ள எண்ணெய் வாங்க வந்தவங்க. அத்தனை பேர் நடுவுல விநாயகம் போய் நின்னான்.

"மொதலாளி, அது கைடுங்க வழக்கமாம். நெஞ்சுக்குப் பக்கத்துக் கைன்னு மரியாதைக்குக் குடுக்கிறதாம். டீச்சரைக் கேட்டுப் பாருங்க. சத்தியமா நான் எதுவும் சொல்லல. புள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க, அதுங்க இடத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

ராஜாங்கம் மதிலோரம் நிக்கிற பொண்ணுங்களை எட்டிப் பாத்தாரு. அந்நேரம் மங்கை கேட்டுச்சு, "எதை நைனா நீ சொல்லல?"

விநாயகம் தரையைப் பாத்தான். "ஒண்ணுமில்லம்மா. நீ வா, போலாம்."

"இருடா," ராஜாங்கம் கல்லாவை விட்டு இறங்கி வந்தாரு. வேட்டி முனை ஆணியில மாட்டிக் கிழிஞ்சுது, அதைக்கூடப் பாக்கல. "போவாத. நான் சொல்றேன். அம்மா, உங்க நைனா மிஷினை நிறுத்தத்தான் போனான். நான்தான் நிறுத்தாதடா, ஓட்டத்துலயே தள்ளுன்னேன். லாரி நிக்குதேன்னு சொன்னேன். அவன் கவனக்குறைவெல்லாம் ஒண்ணுமில்ல. மூணு வருஷமா ஊர் முன்னாடி பழியை அவன் சுமக்கிறான், நான் பெரிய மனுஷனாத் திரியறேன். நீ கையை நீட்டினதும் எனக்கு அதுதாம்மா தெரிஞ்சுது. தூங்கியே ரொம்ப நாளாச்சு."

எண்ணெய் வாங்க வந்த பொம்பளை தூக்குவாளியை மார்போட அணைச்சுக்கினு நின்னா.

"நிஜமா நைனா?"

விநாயகம் தலையை ஆட்டினான். இவ்வளவு நாள் மகளுக்குத் தெரியாம காப்பாத்தினது இப்ப போயிடுச்சேன்னு அவனுக்குத் திக்குனு இருந்துச்சு. பதினாலு வயசுப் புள்ளை, இன்னா சொல்லப் போவுதோ? ஏன் நைனா பேசாம இருந்தேன்னு கேட்டா பதிலுக்கு எங்க போறது?

ராஜாங்கம் தன் இடது கையை மங்கை முன்னாடி நீட்டினாரு. "இந்தக் கையைத்தானே குடுத்த. அறியாம அதைப் பிடிக்காம விட்டுட்டேன். இந்தாம்மா, இப்பக் குடு."

மங்கை ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிச்சு. ரொம்ப மெதுவாத்தான் சொல்லுச்சு, ஆனா வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

"எனக்கு வேணாங்கய்யா. எங்க நைனாகிட்ட நீட்டுங்க."

ராஜாங்கத்துக்கு நீட்டின கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் திரும்பினாரு. மூணு வருஷத்துக்கு அப்புறம் மொத தடவையா விநாயகத்தை நேராப் பாத்தாரு. பெரிய மனுஷன், கிட்டத்தட்ட அறுபது வயசு, ஊர் எதிர்ல பீச்சாங்கையை நீட்டிக்கினு நிக்கிறாரு.

விநாயகம் யோசிச்சான். இல்லன்னு சொல்லிடலாம். சொல்றதுக்கு அவனுக்கு உரிமை இருக்குது, யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. மகளைப் பாத்தான். அது எதையும் கேக்கல, நீயே பாத்துக்கோன்னு நின்னுச்சு. அப்புறம் அவன் கையைக் குடுத்தான். அவரு பயந்து பயந்து, விரல் நுனியை மட்டும் தொட்டாரு.

"இருக்கிறது இது ஒண்ணுதான் மொதலாளி," விநாயகம் சொன்னான். கண்ணுல தண்ணி கொட்டுது, துடைக்கிறதுக்கு வேற கை இல்ல. "கெட்டியாப் பிடிங்க."